முதல் மாடியில் ஏற்கெனவே ஒரு நாய்

சீஹோம் கோர்ட்டுக்கு நான் குடிவந்த நாளில் மழைகூட இல்லை. இங்கிலாந்தின் வொர்திங் கடற்கரைச் சாலையில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். உப்புக் காற்றில் வண்ணம் உரிந்த சன்னல்கள், படிக்கட்டுக் கம்பளத்தில் ஈரவாடை. பயப்பட ஒன்றுமில்லை. பயப்படுகிற நிலையிலும் நான் இல்லை. என் கணவர் டெஸ்மண்ட் போனதிலிருந்து, பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பும் மனசும் மரத்துக் கிடந்தன.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஃபெர்ன். டெஸ்மண்ட் வளர்த்த கிரேஹவுண்ட் நாய். பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது, குரைக்கவே தெரியாதது. அவர் கண்ணை மூடியபோது கட்டிலருகே படுத்திருந்தது. நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையில் எனக்கு மிஞ்சிய உயிர் அது மட்டும்தான்.

ஆனால் இது நெடுநாள் குத்தகை வீடு. காசு கொடுத்து வாங்கினாலும் நாய் வளர்க்கக் குடியிருப்போர் குழுவிடம் அனுமதி கேட்கவேண்டும். அதுவரை ஃபெர்னை டெஸ்மண்டின் தங்கை லிண்டாவிடம் விட்டிருந்தேன். மாதக் கடைசியில் அவள் ஸ்பெயினுக்குக் குடிபோகிறாள். அதற்குள் அனுமதி வராவிட்டால் ஃபெர்னுக்கு நாய்க் காப்பகம்தான்.

வந்த அன்று மாலையே சமையலறையில் அந்தச் சத்தம் கேட்டது. தரையில் நகம் படுகிற சத்தம். டிக், டிக், டிக். போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. நனைந்த நாயின் வாடை மட்டும் இருந்தது. சன்னலைத் திறந்துவிட்டு டீ போட்டுக்கொண்டேன்.

கீழ்வீட்டு ஜாய்ஸ் பென்ஃபோல்டை மறுநாள் படிக்கட்டில் பார்த்தேன். வெள்ளை முடி, கையில் ரொட்டிப் பை.

"உங்க நாய் ரொம்ப சமத்து," என்றாள். "நடக்கற சத்தம் மட்டும்தான் கேக்குது. குறையா சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் இன்னும் நாயைக் கூட்டிட்டு வரலையே."

ஜாய்ஸ் பைக்குள் சாவியைத் தேடினாள். வெகுநேரம் தேடினாள்.

"காத்து நல்லா அடிக்குதில்ல?" என்றாள்.

"ஆமா, நல்லா அடிக்குது," என்றேன்.

எங்கள் ஜனங்கள் அப்படித்தான். சங்கடமான எதையும் வாயால் தொடமாட்டோம். வானிலைப் பக்கம் ஒதுங்கி நின்றுவிடுவோம். அதை நாகரிகம் என்று சொல்லிக்கொள்வோம். நானும் அதே ரகம்தான்.

குழுக் கூட்டம் ஜாய்ஸ் வீட்டு முன்னறையில், டீயும் பிஸ்கெட்டுமாக நடந்தது. தலைவர் கிளைவ் ஹாதர், மூக்கைச் சிந்தினால்கூட விதிப்படி சிந்துகிற ஆள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு பிராணிதான், ஹிலரி," என்றார். "உங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

"என்ன இருக்கு?"

"டஃபி. உங்களுக்கு முன்னாடி இருந்த மிஸ் லவெலோட டெரியர், சின்ன சாதி நாய். அந்தம்மா படுக்கையிலயே போயிட்டாங்க. கதவு உள்ள பூட்டியிருந்துச்சு, சன்னலெல்லாம் சாத்தியிருந்துச்சு. உடைச்சுட்டுப் போனா நாயைக் காணோம்." டீயைக் கலக்கினார். "நாங்க குடுக்கற அனுமதி அந்த உயிர் இருக்கற வரைக்கும். அது போயிடுச்சுன்னு யாரும் வந்து சொல்லல."

"எப்பவோ செத்திருக்குமே."

"இருக்கலாம்," என்றார் கிளைவ்.

அப்போது எங்கள் தலைக்கு மேல் கேட்டது.

டிக், டிக், டிக்.

பூட்டிவிட்டு வந்த என் வீட்டில், சமையலறையிலிருந்து கூடத்துக்கு.

எல்லோரும் விட்டத்தைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"யாருக்காவது இன்னொரு பிஸ்கெட்?" என்றாள் ஜாய்ஸ். தட்டை என் பக்கம் நீட்டினாள்.

கிளைவ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுக்காரங்கன்னு நீங்க வாயால செத்துடுச்சுன்னு சொன்னா போதும். பழைய அனுமதி முடிஞ்சுது, உங்க நாய்க்குப் புதுசு குடுத்துடலாம். நெசமாவான்னு நாங்க கேக்கமாட்டோம். அது மரியாதையில்ல."

மேலே நகச் சத்தம் என் நாற்காலிக்கு நேராக வந்து நின்றது.

கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு ஃபெர்ன் வேண்டும். வேறு எதுவும் அப்போது பெரிதாகப் படவில்லை.

"டஃபி செத்துடுச்சு," என்றேன்.

மேலே ஒரு சத்தமும் இல்லை. கிளைவ் குறித்துக்கொண்டார். எல்லோரும் வருத்தம் தெரிவித்தார்கள். என் கையைக்கூடப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அந்த வாரமே லிண்டா வீட்டுக்குக் காரில் போனேன். கூடம் முழுக்கப் பெட்டிகள், மூட்டை கட்டிய சாமான்கள். ஃபெர்னைப் பிடித்து நடத்தும் வாரை என் கையில் கொடுத்தாள். அவளைக் கட்டிக்கொண்டேன். காரின் பின்கதவைத் திறந்தேன். சீட் அமுங்கியது. கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் என் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. வண்டி ஓட்டுகையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் பார்க்கவில்லை.

புது வீடு அதற்குப் பழகவில்லை என்று நினைத்தேன். சாப்பாட்டைத் தொடவில்லை. நாள் பூராவும் கட்டிலடியில் கிடந்தது. அவ்வளவு பெரிய கிரேஹவுண்ட் அந்தக் கட்டிலடியில் நுழையவே முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. காலையில் வாரைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நடப்பேன். எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள், வாரின் முனையைப் பார்ப்பார்கள்.

"இன்னிக்கு வெயில் பரவால்ல," என்று சொல்லிவிட்டு விலகிப் போவார்கள்.

ஒருநாள் அழைப்புமணி அடித்தபோது அது குரைத்தது. சின்ன நாயின் கீச்சுக் குரல்.

"ஃபெர்ன்?"

அசையவில்லை.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "டஃபி," என்றேன்.

கட்டிலடியில் ஒரு வால் தரையைத் தட்டியது.

லிண்டா ஸ்பெயினில் குடியமர்ந்த பிறகு கூப்பிட்டாள்.

"அண்ணி, எம்மேல கோவமில்லையே?"

"எதுக்குடி கோவம்?"

"ஃபெர்னைக் காப்பகத்துல குடுத்ததுக்கு. போகவே மாட்டேன்னுச்சு. நீங்க போன வழியையே பாத்துட்டு வாசல்லயே கெடந்துச்சு, பாவம்."

"நான்தான் கூட்டிட்டு வந்தேனே."

"வாரை மட்டும்தான் வாங்கிட்டுப் போனீங்க," என்றாள். "கார் கதவைத் தெறந்தீங்க, சாத்துனீங்க, போயிட்டீங்க. அது ஓடி வர்றதுக்குள்ள வண்டி தெருமுனை தாண்டிடுச்சு. அண்ணன் ஞாபகத்துக்கு வார் போதும்னு நெனச்சுட்டீங்களோன்னு இருந்துட்டேன். துக்கத்துல இருக்கறவங்ககிட்ட எப்படிக் கேக்கறது?"

"இப்ப எங்க இருக்கு?"

"யாரோ ஒரு குடும்பம் வாங்கிட்டுப் போயிட்டாங்களாம். திருப்பித் தரமாட்டாங்க, அண்ணி. கேட்டுப் பாத்துட்டேன்."

போனை வைத்தேன். அழவேண்டும் என்று தெரிந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

கட்டிலடியிலிருந்து நகச் சத்தம் வெளியே வந்தது. அறையைக் கடந்து என் நாற்காலியருகே நின்றது.

கீழே பார்த்தேன். கம்பளம் மட்டும்தான் இருந்தது.

கையை மெல்ல இறக்கினேன். சொரசொரப்பான முடி. குட்டைக் காதுகள். பிறகு ஒரு சின்ன நாக்கு என் விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது.

வெதுவெதுப்பாக இருந்தது.

கையை நான் எடுக்கவில்லை.