நாலாவது சக்கரம்

"நிறுத்துங்க... நிறுத்துங்க...!"

ஜீப்பிலிருந்து அவள் போட்ட கூச்சலில் முன்னால் போன டிராக்டர்காரர் நிஜமாகவே நிறுத்தித் தொலைத்தார். அதுதான் வினை. டிராக்டருக்கு பிரேக் இருந்தது. அது கயிறு கட்டி இழுத்து வந்த ஜீப்புக்கு இல்லை!

டிராக்டரின் முதுகில் போய் முட்டக் கூடாதே என்று ஸ்டியரிங்கை ஒரே ஒடியாக ஒடித்தாள். மழையில் ஊறி இற்றுப்போயிருந்த கயிறு பட்டென்று அறுந்தது. தெருவோ இறக்கம். விட்டால் போதும் என்று காத்திருந்த மாதிரி ஜீப் இறங்கியது... திறந்து கிடந்த ஒரு இரும்பு கேட்டுக்குள் நுழைந்து, கழிவு ஆயில் நிரம்பிய பீப்பாய் ஒன்றில் மோதித்தான் நின்றது. பீப்பாய் சாய்ந்தது. பக்கத்தில் குனிந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்த ஒருவனைத் தலையோடு காலாகக் குளிப்பாட்டிவிட்டுத்தான் அது ஓய்ந்தது.

அவன் நிமிர்ந்தான். முகம் எது, முடி எது என்றே தெரியவில்லை. அந்தக் கறுப்புக்கு நடுவே இரண்டு கண்கள் மட்டும்... மழை கழுவி விட்ட மாதிரி அத்தனை தெளிவாக...

அந்தக் கண்கள் முதலில் அவள் நெற்றியைப் பார்த்தன. பிறகு கைகளை. எங்கும் அடிபடவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவற்றில் கோபம் வந்தது.

"பிரேக் இல்லாத வண்டிய கயிறு கட்டி இழுத்துட்டு வரலாமா? எந்தப் புத்திசாலி சொன்னது?"

"வித்தவருதான்... ராஜா மாதிரி ஓடும்னு சொன்னாரு."

"ஓடுவாரு ராஜா. நிக்க வேணாமா?"

தப்பு தன் மேல்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த தப்பை அடுத்தவர் எடுத்துச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? சுர்ரென்று ஏறியது அவளுக்கு.

"இந்த வண்டிய சரி பண்ணித் தர முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க. இது ஓடினா போதும்... அப்புறம் இந்த ஊர்ப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்!"

"ரொம்ப நல்லது" என்றான் அவன்.

இப்படித்தான் ஆரம்பித்தது.

அவள் மாட்டு டாக்டர். மலைக்கு மேலே, ரோடு என்று சொல்லக்கூட முடியாத ரோடுகளுக்கு அப்பால், ஒரு கால்நடை மருத்துவமனை டாக்டரே இல்லாமல் பூட்டிக் கிடந்தது. கன்று ஈன முடியாமல் மாடு தவித்தால் ஏனென்று கேட்க அங்கே நாதி இல்லை. எல்லோரும் சிபாரிசு பிடித்துத் தவிர்க்கிற அந்த இடத்தை, எழுதி எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். அங்கே போய்வர நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். அதற்காகத்தான் கல் குவாரியில் துருப்பிடித்துக் கிடந்த இந்த டீசல் ஜீப்பை வாங்கினாள். மலைக்கு உத்தரவு வரும்வரை கீழே இந்த ஊரில் வேலை. வேலை முடிந்ததும் நேரே ஒர்க்‌ஷாப்.

ஒர்க்‌ஷாப் அவனுடையது. முன்பக்கத்தில் அவன் அக்கா உதிரிப் பாகக் கடை வைத்திருந்தாள். அக்காவுக்கு வாய் ஓயாது. தம்பிக்கு வாய் திறக்காது. இருவருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள் என்பதால் வாடிக்கையாளர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

"இன்ஜின் செத்துப்போகல. மயக்கத்துல இருக்கு" என்றான் அவன் முதல் நாள், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து. "பிஸ்டன் எல்லாம் துரு ஏறிப் பிடிச்சுக்கிட்டிருக்கு. ஆயில் ஊத்தி ஊற விடணும். தினம் கொஞ்சம் கையாலயே சுத்திப் பாக்கணும். அவசரப்பட்டா உள்ள உடைஞ்சுடும்."

தினமும் சாயங்காலம் இன்ஜினைச் சுற்ற மாட்டிய நீளக் கம்பியின் ஒரு முனையை அவன் பிடிப்பான், மறுமுனையை அவள். இழுப்பார்கள். அசையாது. மறுபடி ஆயில்... மறுநாள் மறுபடி இழுப்பு... ஒரு நாள், விட்டுவிடலாம் என்று அவள் பெருமூச்சு விட்ட நேரத்தில், உள்ளே ஏதோ முனகியது. ஒரு நூலளவு நகர்ந்தது!

"நகருது... நகருதுங்க!" என்று குதித்தவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைச் சமாளிக்க அவனும் பிடித்தான். உடனே இருவரும் விட்டுவிட்டார்கள். அவள் வெளிர்நீலச் சட்டைக் கையில் அவன் விரல்கள் ஐந்தும் கிரீஸில் அப்படியே பதிந்திருந்தன. அந்தச் சட்டையைத் துவைக்கப் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவும் இல்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பானேன்?

இன்ஜின் முதன்முதலாக உயிர்பெற்ற அன்று ஒர்க்‌ஷாப் முழுக்கப் புகை. உள்ளே எங்கோ டொக் டொக்கென்று ஒரு சத்தம். அவன் நீளமான ஸ்க்ரூ டிரைவர் நுனியை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டான்.

"இதென்ன வைத்தியம்? தள்ளுங்க" என்று அவள் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். அங்கே இங்கே வைத்துப் பார்த்தாள். "மூணாவது சிலிண்டர்லதான் சத்தம் வேற மாதிரி இருக்கு. கேட்டுப் பாருங்க."

"கையெல்லாம் ஆயிலா இருக்கு டாக்டர்..."

அவளே அவன் காதுகளில் மாட்டிவிட்டாள். விரல் பட்டது. அவன் காது சூடாக இருந்தது.

"கேக்குதா?"

"இல்லையே... ஒண்ணும் கேக்கல."

இன்ஜின் ஊரையே கூட்டுகிற மாதிரி உறுமிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்ன மெக்கானிக் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"என் தம்பிக்குக் காது மந்தமாயிடுச்சா டாக்டரம்மா?" என்று கடையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "கொஞ்சம் நல்லா டெஸ்ட் பண்ணிப் பாருங்க!"

சந்தோஷமாகத்தான் போனது... உத்தரவு வரும்வரை.

அடுத்த திங்கட்கிழமை மலையில் பொறுப்பேற்க வேண்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அன்று வெகுநேரம் ஜன்னல் ஓரமே உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷமாக ஆசைப்பட்டது. கையில் கிடைத்ததும் ஏன் இப்படிக் கசக்கிறது?

அன்று ஒர்க்‌ஷாப்புக்குப் போய், "வண்டி எப்ப முடியும்?" என்று கேட்டாள். முடியாது, இன்னும் நாளாகும் என்று சொல்லேன்... சொல்லேன்... என்று மனசு கெஞ்சியது. குரல் மட்டும் கடன்காரியைப் போலக் கறாராக வந்து தொலைத்தது.

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

"அவசரமா?"

"திங்கக்கிழமை ஜாயின் பண்ணணும்."

"சரி. உங்களுக்குத்தான் இந்த ஊர்ப் பக்கம் தலைவச்சுப் படுக்கவே பிடிக்காதே... முடிச்சுத் தந்துடறேன்."

அது அன்னைக்குக் கோவத்துல சொன்னது! தொண்டை வரை வந்த வார்த்தையை அவள் அப்படியே விழுங்கினாள். இத்தனை நாள் பழகியும் அந்த ஒரு வார்த்தையைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறானா? இவன் மட்டும் என்ன, 'போகாதே' என்று சொல்லிவிட்டானா?

"ரொம்ப நன்றி" என்றாள், வெடுக்கென்று.

அப்புறம் அவன் பேய் பிடித்தவன் மாதிரி வேலை செய்தான். அரித்துப்போன தரைத்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தான். பச்சைப் பெயின்ட் அடித்தான். சீட் வந்தது, கண்ணாடி வந்தது. வண்டி எப்போது முடியும் என்று நாள் எண்ணியவள், ஏதாவது ஒரு போல்ட் தொலைந்து போகக் கூடாதா என்று ஏங்கினாள். அந்தப் பாழாய்ப்போன ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட்கூடத் தொலையவில்லை.

"ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கறீங்க. நடுவுல அந்த வண்டிதான் பாவம்" என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஒர்க்‌ஷாப் விடுமுறை. காலையிலிருந்தே மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. பாக்கி இருந்தது பிரேக் மட்டும். புதுக் குழாயெல்லாம் போட்டாயிற்று, பிரேக் ஆயிலும் ஊற்றியாயிற்று. குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உட்கார்ந்து பெடலை மிதிக்க, ஒருவர் கீழே படுத்துச் சக்கரத்தின் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட...

"எனக்கு முதுகுவலி. நான் வீட்டுக்குப் போறேன்" என்று அக்கா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகிற வேகத்தைப் பார்த்தால் முதுகுவலிக்காரி மாதிரி தெரியவில்லை.

"நான் மிதிக்கறேன்" என்றாள் இவள்.

தூரத்தில் இருக்கும் பின் சக்கரத்தில் ஆரம்பித்தான்.

"அடிங்க... அடிங்க... ம், பிடிங்க."

அவள் அழுத்திப் பிடித்தாள். அவன் கீழே திருகைத் திறக்க, பெடல் அவள் காலடியில் மெல்ல அமிழ்ந்தது. அவன் மூடினான்.

"விடுங்க."

அவன் முகம் தெரியவில்லை. குரல் மட்டும். ஒரு வாரத்தில் இவ்வளவு பேசியது இப்போதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அடிங்க, பிடிங்க, விடுங்க... இதுவும் பேச்சுதானே. ஒரு சக்கரம் முடிந்தது. அடுத்தது. ஒவ்வொரு சக்கரமாக அந்தக் குரல் கிட்டே வந்துகொண்டிருந்தது. கடைசியாக, நாலாவது சக்கரம். ஸ்டியரிங் பக்கத்து முன் சக்கரம். இப்போது அவன் கிட்டத்தட்ட அவள் காலுக்குக் கீழேயே இருந்தான்.

"அடிங்க... பிடிங்க... விடுங்க. இப்ப எப்படி இருக்கு டாக்டர்?"

கல் மாதிரி இருந்தது பெடல். அப்படி இருந்தால் காற்றெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். கெட்டியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. சாவியை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்...

"இன்னும்... மெத்துனுதான் இருக்கு" என்றாள்.

கீழே ஸ்பேனர் ஒரு தடவை தரையில் தட்டியது.

"அப்படியா... சரி, அடிங்க."

மறுபடி. மறுபடியும். ஒவ்வொரு தடவையும் அவன் கேட்டான். ஒவ்வொரு தடவையும் அவள் பொய் சொன்னாள். ஆயில் பாட்டில் காலியாகி, அவன் எழுந்து வந்து இன்னொன்றை உடைத்து ஊற்றிவிட்டு, அவளைப் பார்க்காமலே மறுபடி கீழே போய்ப் படுத்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திருகிலிருந்து வெளியே வரும் ஆயில், கண்ணாடி மாதிரி ஒரு டியூப் வழியாகத்தானே போகிறது? காற்று இருந்தால் குமிழி தெரியும். இல்லாவிட்டால் இல்லை என்று தெரியும். பெடலே வேண்டாம்... அவனுக்குக் கண் இருக்கிறதே!

"கீழ... குமிழி வருதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.



"வருது."

பெடல் கல்லாக இருக்கும்போது குமிழி எங்கிருந்து வரும்? அவள் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நிஜமாவா?"

"ம்... நிறைய வருது."

"பொய்!"

"நீங்க மட்டும்?"

ஐயோ... அப்படியென்றால் முதல் தடவையிலிருந்தே இவனுக்குத் தெரியும்! காது, கன்னம், கழுத்து என்று எல்லா இடமும் சூடாகியது. ஓடிவிடலாமென்றால் கால் பெடலில்.

"பிடிங்க டாக்டர். விட்டுடாதீங்க... திருகு திறந்திருக்கு. இப்ப காலை எடுத்தா காத்து உள்ள போயிடும்."

பெடல் தரை வரை அமிழ்ந்தது. அவன் மூடவில்லை. பேசினான். பார்க்காமல் பேசுவதால்தான் அவனுக்கு வாய் வந்ததோ என்னவோ...

"அன்னைக்கு ரொம்ப நல்லதுன்னு சொன்னேன் பாருங்க... அதுக்கு என்னை நானே திட்டிக்காத நாளில்ல. இந்த வண்டி முடியக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே முடிச்சேன். உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு டாக்டர். நீங்க இல்லாம இந்த இடம் எப்படி இருக்கும்னு..."

அவள் கால் எழும்பிவிட்டது. அவளைக் கேட்டா எழும்பியது? கீழே டியூப்பும் அவன் கையிலிருந்து நழுவியது.

"விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்..."

"போச்சு. இப்ப நிஜமாவே காத்து உள்ள போயிடுச்சு."

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். ஆயில் தரை என்றும் பார்க்காமல் முட்டி போட்டு, குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மல்லாந்து கிடந்தவன் திரும்பினான். முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"எனக்கும்தான்" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "எனக்கும் உங்கள அவ்வளவு பிடிக்கும். அது தெரிஞ்சும் வீம்பு... ஒரு வாரமா நான் சரியா சாப்பிடக்கூட இல்ல. ஆனா... நான் போகணுமே. அங்க யாருமே இல்லைங்க."

"போங்க. போகாதீங்கன்னு நான் எப்பவும் சொல்ல மாட்டேன்." அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "மலை ஏறுறதுக்கு இன்ஜின் போதும் டாக்டர். பிரேக் எதுக்கு? இறங்கி வர்றதுக்குத்தானே... அதான், இத மட்டும் ரொம்ப நல்லா பண்ணித் தரணும்னு பாக்கறேன்."

தாவணியும் இல்லை, கைக்குட்டையும் இல்லை. சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வருவேன். ஞாயித்துக்கிழமை ஆனா இறங்கி வந்துடுவேன்" என்றாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக, "ஆனா ஞாயித்துக்கிழமை ஒர்க்‌ஷாப் லீவாச்சே..."

"இனிமே திறந்திருக்கும்" என்றான் அவன்.