அசைவு இல்லை

ஒதுக்கீட்டு நாள் காலையில் நடுவர் விடுதியில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. எதிரே வருபவரைப் பார்த்துச் சிரிப்பதுகூட மரியாதைக் குறைவு. நடுவராக நிற்க அவர் கேட்கப்போகிற ஆட்டத்தையே நாமும் கேட்கப்போகிறோமோ என்னவோ. அப்படியிருக்கப் பல்லைக் காட்டினால், விட்டுக்கொடுங்கள் என்று கெஞ்சுவது போல ஆகிவிடுமாம். அதனால் அரியலூர் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் அன்றைக்கு அத்தனை பேரும் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்ட மாதிரி இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

வடிவும் அவர்களில் ஒருத்தி. கபடி நடுவர், முதல் தரம். ஐம்பதைத் தாண்டிவிட்டாலும் முழங்கால் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. எதிரே அவளுடைய அறைத்தோழி ஜெனோவா உட்கார்ந்திருந்தாள். அவளும் நடுவர்தான். பேசாமல் இரு என்றால் அவளுக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

“மூணாவதா இந்த வருஷமும் தொண்டி ஆட்டந்தானா?” என்று தட்டைப் பார்த்தபடியே முணுமுணுத்தாள் ஜெனோவா.

“ம்.”

“கிடைக்காதுன்னு தெரிஞ்சே கேக்குற ஒரே ஆளு நீங்கதான்க்கா. அந்த எடத்துல மதுரை ஆட்டத்தைக் கேட்டா கைமேல கிடைக்கும்.”

“சாப்பிடு. யாராவது பார்த்துரப் போறாங்க.”

பார்க்கப்போனால் நடுவர் என்று ஒருவர் தேவையே இல்லை. களத்தில் விரித்திருக்கும் உணர்பாய்க்கு எல்லாம் தெரியும். யார் கால் கோட்டைத் தாண்டியது, யார் விரல் யார் தோளில் பட்டது என்று அது சொல்லிவிடும். ஆனால் பாய் மட்டும் தனியாகத் தீர்ப்புச் சொன்ன நாட்களில் ஆட்டக்காரர்கள் களத்தை விட்டு வெளியே போக மறுத்தார்கள். முகமே இல்லாத ஒன்று ‘அவுட்’ என்றால் அதனிடம் எப்படிச் சண்டை போடுவது? ஆகவே விசிலோடு மனிதர் திரும்பி வந்தார். மனிதர் வந்தால் கூடவே சந்தேகமும் வருமே. முதலில் நடுவர்களின் மனத்தைத்தான் சோதித்தார்கள். நடுவர்கள் லேசுப்பட்டவர்களா, மனத்தை மூடிவைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பற்றுமானி. அது நடுவரைத் தொடுவதே இல்லை. பருவத் தொடக்கத்தில் ஆட்டக்காரர்களை உட்காரவைத்து, எல்லா நடுவர்களின் முகங்களையும் வரிசையாகக் காட்டும். பார்க்கிறவர் மனத்தில் அன்போ வெறுப்போ பயமோ ஏதாவது ஒன்று எழும்பினால் ‘அசைவு உண்டு’ என்று குறித்துக்கொள்ளும். அந்த அணியின் ஆட்டம் அந்த நடுவருக்குக் கிடையாது. ரத்த உறவு என்றாலே தடை என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. அண்ணனும் தம்பியும் கோர்ட்டில் நிற்கிற நாட்டில் ரத்தத்தை நம்பி என்ன பயன் என்று அதை எடுத்துவிட்டார்கள். மானி சொல்வதே முடிவு. களத்துக்கு வெளியே நடுவரும் ஆட்டக்காரரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஒரு செய்தி அனுப்பக் கூடாது என்ற சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

ஒதுக்கீட்டு மன்றத்தில் வரிசை நகர்ந்தது. ஆட்டம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. வெறுங்கையோடு நிற்க வேண்டும். மூன்று ஆட்டங்களைச் சொல்லலாம். குரலில் ஆசை தெரியக் கூடாது. கடைசியில் ‘எது வந்தாலும் சரி’ என்று முடிக்க வேண்டும். கிடைத்தால் நன்றி சொல்லக் கூடாது, கிடைக்காவிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. யார் எதைக் கேட்டார்கள் என்பது மட்டும் ஒளிவுமறைவில்லாமல் ஊர் ஊராகப் பொதுப்பலகைகளில் ஓடும்.

வடிவு தொண்டி ஆட்டத்தை ஏன் கேட்கிறாள் என்பது ஜெனோவாவுக்குக்கூடத் தெரியாது. தொண்டி மகளிர் அணியின் தலைவி அல்லி. வடிவின் ஒரே மகள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், பதினேழு வயதில் அல்லி அணிக்குத் தேர்வானபோது தாயும் மகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பேசக் கூடாது என்ற சட்டப்படி ஒன்று இவள் விசிலை விட வேண்டும், அல்லது அவள் ஆட்டத்தை விட வேண்டும். எனக்காக விட்டுவிடு என்று மகள் கேட்பாள் என்று தாய் காத்திருந்தாள். போகாதே என்று தாய் சொல்லுவாள் என்று மகள் காத்திருந்தாள். கேட்கக் கூடாது என்பது நடுவரின் முதல் மரியாதை. வடிவு அதை வீட்டுக்குள்ளும் கட்டிக்கொண்டு அழுதாள். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள், பிடிவாதத்திலும் அப்படித்தான். அல்லி பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வடிவுக்கு மகளைப் பற்றித் தெரிய வந்ததெல்லாம் வருஷத்துக்கு ஒரு சொல்தான். மன்றத்தில் நின்று தொண்டி ஆட்டத்தைக் கேட்பாள். ‘அசைவு உண்டு’ என்று இயந்திரம் மறுக்கும். அந்த அணியில் வேறு யாருக்கும் வடிவைத் தெரியாது. அசைந்தது அல்லிதான். அவள் என்னை மறக்கவில்லை, திட்டிக்கொண்டாவது நினைக்கிறாள் என்று வடிவு அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வருவாள். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுவாள். அது சந்தோஷ அழுகை. மற்ற நாளெல்லாம் அந்த ஒரு நாளுக்கான ஏக்கத்தில் கழியும்.

“அடுத்து, நடுவர் வடிவு.”

வடிவு முன்னே போய் நின்றாள். “கோவை, சேலம். மூன்றாவது, தொண்டிக்கும் குளச்சலுக்கும் நடக்கிற ஆட்டம். எது வந்தாலும் சரி.”

இயந்திரத்தின் குரல் பெண் குரல். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

“கோவை, வேறு நடுவருக்கு ஒதுக்கியாயிற்று. சேலம், வேறு நடுவருக்கு ஒதுக்கியாயிற்று. தொண்டி – குளச்சல், அசைவு இல்லை. உங்களுக்கு ஒதுக்கப்படுகிறது.”

மன்றத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதே. வடிவு இரண்டடி நடந்தாள். பிறகு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் நின்றாள். ஜெனோவா வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதுவும் மரியாதைக் குறைவுதான். ஜெனோவா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

வேப்ப மரத்தடியில் வைத்து வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். ஜெனோவாவுக்கு முதலில் கோபந்தான் வந்தது.

“எட்டு வருஷம் பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“சொல்லி என்ன ஆகப்போகுது? இப்ப அவ மனசுல நான் இல்லை. அவ்வளவுதான்.”

“மெஷின் சொன்னா ஆச்சா? அப்படீன்னா போகாதீங்க. விசிலைக் குடுத்துட்டு நேரா தொண்டிக்குப் போய் மகளைப் பாருங்க.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? எம்மேல கோவம்கூட இல்லாதவகிட்ட என்னன்னு போய் நிக்கிறது?” வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஆட்டத்துக்குப் போறேன். பக்கத்துல நின்னாவது ஒரு தடவை பார்த்துக்கிறேன்.”

ஆட்டம் வேதாரண்யம் மிதவை அரங்கில் நடந்தது. நிலத்தைக் கடல் தின்ற பிறகு கரையோர ஊர்கள் எல்லாம் தங்கள் அரங்குகளைத் தண்ணீரிலேயே கட்டிக்கொண்டன. நாணயம் சுண்டுவதற்கு அல்லி வந்து நின்றாள். தோள் அகன்றிருந்தது, முகவாயில் ஒரு புதுத் தழும்பு. எப்போது பட்டது, யார் மருந்து போட்டார்கள் என்று வடிவுக்குத் தெரியாது. தொட்டுப் பார்க்கக் கை பரபரத்தது. அல்லி கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்து, “நடுவருக்கு வணக்கம்” என்றாள். குளச்சல் தலைவி சொன்னதும் அதே வணக்கந்தான், அதே தொனிதான்.

இரண்டாம் பாதியில் இரண்டு அணிகளும் சமமாக நின்றபோது அல்லி கையைத் தூக்கினாள். அணித்தலைவர் ஆட்டத்தில் ஒருமுறை நடுவரிடம் விளக்கம் கேட்கலாம். அந்த நேரத்தில் இருவரும் பேசுவதை யாரும் ஒட்டுக்கேட்பதில்லை. இருவரும் களத்தின் ஓரத்துக்கு நடந்தார்கள்.

“நடுவரே, விளக்கம் வேணும்.”

“கேளுங்க.”

“கேக்க ஒண்ணும் இல்லை. நாந்தான் சொல்லணும்.” குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. “வருஷா வருஷம் எங்க ஆட்டத்தைக் கேட்டீங்க. பலகையில பார்ப்பேன். என்னாலதான் உங்களுக்குக் கிடைக்காமப் போச்சு. உங்க முகம் வந்தாலே மானி துள்ளும்.”

வடிவு விசிலைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“விசில்தான் உங்களுக்கு எல்லாம்னு எனக்குத் தெரியும். நானும் குறுக்க நிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அதுக்காகப் பழகினேன். உங்க படத்தை எடுத்து வச்சுக்கிட்டு தெனமும் பார்ப்பேன். மொதல்ல அழுகையா வரும். அப்புறம் கோவம் வரும். பார்த்துப் பார்த்து, ஒரு நாள் ஒண்ணுமே வரலை. சுவத்தைப் பார்க்குற மாதிரி ஆயிருச்சு.” வடிவின் கையிலிருந்த விசிலைப் பார்த்தாள். “உங்களுக்குச் சந்தோஷந்தானே?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் மகள் செய்ததற்கு ஒரு பலன் கிடைத்த மாதிரி இருக்கும். வடிவின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. ஆனால் எட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததன் லட்சணந்தான் எதிரே நிற்கிறதே.

“கிடைக்கணும்னு நான் கேக்கலை, அல்லி. இல்லைன்னு சொல்லுவாங்கல்ல, அதைக் கேக்கத்தான் போவேன். அசைவு உண்டுன்னு வந்தா, எம்மக என்னை நெனைக்கிறான்னு அர்த்தம். அதை வச்சுத்தான் இத்தனை வருஷமும் ஓட்டினேன்.”

அல்லி அதை யோசித்தாள். கணக்குத் தப்பிய இடத்தைத் தேடுகிறவள் போல நெற்றி சுருங்கியது.

“எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுதான். நான் சொல்லலையே.”

“நேர்ல பார்த்தா திரும்ப வந்துரும்னு நெனச்சேன். காலையில இருந்து காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.” அல்லி உள்ளங்கையை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தாள். “வரலை.”

நேரம் முடிந்தது. இருவரும் திரும்பி வந்தார்கள். கடைசி ரைடுக்கு அல்லியே போனாள். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பியவளைக் குளச்சல்காரிகள் காலைப் பிடித்து மடக்கினார்கள். நடுக்கோட்டை நோக்கி நீண்ட அவள் கைக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. வடிவு விசிலை ஊதி ‘அவுட்’ என்று கையைத் தூக்கினாள். அல்லியும் மறுப்பேதும் சொல்லாமல் எழுந்து போனாள். அத்தனை நேர்மையான ஆட்டத்தை அந்த அரங்கம் பார்த்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.

வடிவு நேராக அதிகாரியின் மேசைக்குப் போனாள். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். “இன்னையோட போதும், சார். பேரை எடுத்துருங்க” என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இதை எட்டு வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டுதான் அவளும் ஆட்டக்காரர்களின் வாசலுக்குப் போனாள்.

தோழிகள் எல்லாரும் போன பிறகு அல்லி பையோடு வெளியே வந்தாள். வடிவைப் பார்த்ததும் தயங்கி நின்றாள். “நடுவர்கள் இங்க நிக்கக் கூடாதே.”

“நான் இப்ப நடுவர் இல்லை. விசிலைக் குடுத்துட்டேன்.” ஆயுசில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் கேட்டாள். “என்னைப் பார்த்தா ஒண்ணும் வரலைன்னா பரவாயில்லைம்மா. தெரியாதவங்களோடயும் ஒரு காப்பி குடிக்கலாம்ல? எங்கூட வர்றியா?”

அல்லி மிதவையின் ஓரத்தில் இருந்த காப்பிக் கடையைப் பார்த்தாள். பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“வரலாம். ஆனா உங்களை எப்படிக் கூப்பிடுறது? இனிமே நடுவரேன்னு கூப்பிட முடியாதே.”

“உன் வாயில எது வருதோ அப்படிக் கூப்பிடு.”

அல்லி வாயைத் திறந்தாள். எதையோ சொல்லிப் பார்க்கப்போகிறவள் போல உதடு ஒட்டிப் பிரிந்தது. வடிவு காத்திருந்தாள்.

“சரிங்க” என்றாள் அல்லி.

வடிவு அதற்கும் சந்தோஷப்பட்டுக்கொண்டு அவளோடு நடந்தாள்.