பென்சில் குறி போட்ட இடம்

"நானும் வரணுமா?"

சட்டைப் பொத்தானை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டே கணவர் கேட்டார். காலையிலிருந்து இது நான்காவது முறை.

"வரணும். குடும்பமா வந்தாத்தான் பேசுவேன்னு கோர்ட்டு சமரச மையத்து அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. முழங்கால் வலி கதையெல்லாம் இன்னிக்குச் செல்லாது," என்றபடி அவள் பொத்தானைச் சரிசெய்தாள்.

"தம்பியும் வருவானே..."

"வரட்டும். என்னைத்தானே திட்டப்போறான்? நீங்க வாயைத் திறக்காம உட்காருங்க, அது போதும்!"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வாடகை வீட்டின் குறுகலான படிகளில் இருவரும் இறங்கினார்கள்.

பேருந்து பழைய தெருவைக் கடந்தபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கே இப்போது துருப்பிடித்த கம்பி நீட்டிய தூண்களும் ஒரு தகரக் கதவும்தான் இருந்தன. அவள் கண்ணுக்கோ பழைய வீடுதான் தெரிந்தது. அவள் மணமாகி வந்தபோது கொழுந்தனுக்குப் பத்து வயது. அடுப்படி வாசலை மறித்து உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்பான். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கினால் தட்டில் அடுத்த கரண்டி விழாது. ஒரே குளியலறை, ஐந்து பேர் வரிசை. உள்ளே அண்ணன் பாடிக்கொண்டிருக்க, "அண்ணி, கச்சேரி இன்னிக்கு முடியுமா முடியாதா?" என்று வெளியே அவன் குதிப்பான். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

மாமியார் பாதி வீட்டை இளைய மகனுக்கும், மறுபாதியை மூத்த மருமகளுக்கும் எழுதிவைத்தார். "மூத்தவன் யார் கேட்டாலும் தூக்கிக் குடுத்துடுவான். நீதான் பிடிச்சு வைப்பே," என்றார். பெற்றவளுக்குப் பிள்ளையைப் பற்றி நன்றாகவே தெரிந்திருந்தது.

பிறகு ஒரு பில்டரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். நிலம் இவர்களுடையது; ஆறு வீடுகள் கட்டி ஆளுக்கொன்று இவர்களுக்கு, மீதி அவருக்கு. அலைவதற்கும் கையெழுத்துப் போடுவதற்கும் மூத்தவருக்கே அவளும் கொழுந்தனும் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேதான் வந்தது வினை.

அவர் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்பில் குமாஸ்தா எங்கெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தாரோ அங்கெல்லாம் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டவர். படித்துப் பார்த்திருந்தால் எந்த வேலையும் நகர்ந்திருக்காது. பில்டர் ஒருநாள் "மின் இணைப்புக்கு சார்" என்று பத்துத் தாள்களை நீட்டினார். பென்சில் குறியும் போட்டிருந்தார். கை தானாகப் போய்விட்டது! அதில் ஒரு தாள், அவளுடைய வீடும் கொழுந்தனுடைய வீடும் முழுதாகக் கட்டி ஒப்படைக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னது. அன்றைக்குக் கூரைகூடப் போடவில்லை.

அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த அந்தத் தாளின் நகலைப் படித்துவிட்டு அவள் கேட்டபோது அவர் குழந்தை போல அழுதார். "தம்பி முகத்துல எப்படி முழிப்பேன்? அவனுக்கு மட்டும் சொல்லிடாதே..." என்று கெஞ்சினார். ஏமாந்து போட்ட கையெழுத்து என்று அவர் கூண்டில் ஏறிச் சொன்னால் வழக்கு சீக்கிரம் முடியும் என்றார் வக்கீல். அவள் மறுத்துவிட்டாள். கட்டடம் தாமதம் என்று மட்டும் காரணம் காட்டி, ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கேட்டுத் தன் பெயரில் வழக்குப் போட்டாள். ஒப்பந்தம் போனால் அந்தத் தாளும் செல்லாக் காகிதம். வழக்கு நாலு வருஷம் இழுத்ததில் பழி மொத்தமும் அவள் தலையில் விழுந்தது. பில்டரோ, இப்போதே காட்டினால் தம்பி தன் பக்கம் நிற்கமாட்டான், அவள் வழக்கை விடட்டும், பிறகு காட்டலாம் என்று அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார்.

சமரச அறையில் நீள மேசை; ஒரு முனையில் மையத்து அம்மா, எதிரே பில்டரும் அவருடைய வக்கீலும். கொழுந்தனும் பில்டர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"வழக்கை வாபஸ் வாங்கட்டும். ஆறே மாசத்துல தம்பி கையில சாவி," என்றார் பில்டர்.

"கேட்டீங்களா அண்ணி? ஒரே ஒரு கையெழுத்து!"

"முடியாதுப்பா."

"ஏன் முடியாது? காரணத்தைச் சொல்லுங்களேன்!"

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சொல்ல மாட்டீங்க. ரத்து பண்ணிட்டு வேற ஆளுக்கு அதிக விலைக்குத் தள்ளப் பார்க்கறீங்கன்னு ஊரே பேசுது! அம்மா உங்களை எவ்வளவு நம்பினாங்க... இன்னிக்குக் கையெழுத்துப் போடலைன்னா இனிமே எனக்கு அண்ணியே கிடையாது!"

சொல்லிவிடலாம்... ஒரு வார்த்தை போதும். பக்கத்தில் கணவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சரிப்பா... கிடையாதுன்னே வச்சுக்கோ," என்றாள்.

கணவர் எழுந்து நின்றார்.

"டேய்... அவளைச் சொல்லாதேடா! உன் வீட்டை உன்கிட்ட ஒப்படைச்சாச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். மின் இணைப்புக்குன்னு சொன்னாரு, பென்சில் குறி இருந்துச்சு, படிக்காம போட்டுட்டேன். வழக்கை வாபஸ் வாங்கினா உனக்கு ஒரு செங்கல்கூட வராது. அதுக்காகத்தான் இவ நிக்கறா. நான் கோழை மாதிரி வீட்டுக்குள்ள பதுங்கிட்டேன்டா..."

"சார், அது சும்மா சம்பிரதாயத்துக்கு..." என்று பில்டர் ஆரம்பித்தார்.

"அந்தத் தாள் உங்ககிட்ட இருக்கா, இல்லையா?" என்றார் மையத்து அம்மா. பில்டர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் அவசரமாகக் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் மேசையைச் சுற்றி வந்தான்.

"ஏன் அண்ணி சொல்லலை? நாலு வருஷமா நான் என்னென்ன பேசிட்டேன்..."

"சொல்லியிருந்தா உனக்கு வீடு கிடைச்சிருக்கும்ப்பா. அண்ணன் உனக்கு இல்லாம போயிருப்பாரு. உனக்குக் கூடப்பொறந்தவர்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தானே..." அதற்குமேல் அவளால் முடியவில்லை. நாலு வருஷத்து அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. இன்றைக்குக் கண்ணாடிக் கடை முதலாளியாகிவிட்ட கொழுந்தன், நாற்பத்தைந்து வயது மனிதன், அவள் தோளில் முகம் புதைத்து விம்மினான்.

"என்னை நாலு அறை அறைஞ்சுடுடா," என்றார் அண்ணன்.

"அதெல்லாம் அப்புறம். இதையே கோர்ட்டுல வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன்டா. கூண்டுல ஏறிச் சொல்றேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"எந்த வீட்டுக்குடா?" என்று கேட்டுவிட்டாள் அவள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுகைக்கு நடுவே அண்ணனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

அவன் ஃபோனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான்.

"உலையில இன்னும் ரெண்டு பேருக்கு அரிசி போடு... யாரா? நம்ம வீட்டு ஆளுங்கதான்."