இசபெல்லா தேர்ந்த மத்தியானக் கச்சேரிகள்

ராயப்பன் மஞ்சள் பையிலிருந்து டிரான்சிஸ்டரை எடுத்தார். காய்ச்சல் கண்ட பிள்ளையை வைத்தியரிடம் காட்டுகிறவரைப்போல, அதன் முகம் தெரியும்படி மேசைமேல் திருப்பி வைத்தார்.

“சின்னக்கண்ணு கடையில வெச்சா பாடுதுங்க. வூட்டுக்கு எடுத்தாந்தா செத்துப்போவுது. யாரோ இன்னாவோ பண்றாங்க.”

ராஜாங்கம் உடனே பதில் சொல்லவில்லை. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், ஏதாவது சிக்கல் என்றால் ஊர்க்காரர்கள் அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் சிறிது நேரம் கேட்டுக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல் எத்தனையோ பேர் உண்மையைக் கொட்டியிருக்கிறார்கள். அவருடைய மைத்துனன் பாவாடைக்கும் அது தாங்காது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் பத்திரிகைக் கடை வைத்திருந்த பாவாடை, தன் கடைக்கு வரும் துப்பறியும் நாவல்களையெல்லாம் படித்துவிட்டு, மாமாவிடம் வழக்கு எப்போது வரும் என்று காத்திருப்பவன்.

ராயப்பன் மேலும் சொன்னார். கல்வராயன் மலைக்குப் பாதை போட்ட காலத்தில் அவர் ஓவர்சியர். பகலெல்லாம் பாறைக்கு வெடி. சாயங்காலம் முகாமில் வானொலிக் கச்சேரி. அப்படிப் பிடித்துக்கொண்டது சங்கீதப் பைத்தியம். மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடிய இசபெல்லாவைக் கட்டிய பிறகு அது இருமடங்கானது. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு வாரம் புருஷனும் பெண்சாதியும் சென்னை போவார்கள். மாம்பலத்தில் அவள் தம்பி வீட்டில் தங்கி, இலவசக் கச்சேரிகளாகத் தேடித்தேடிக் கேட்பார்கள். யாரைக் கேட்பது என்று முடிவு செய்வது இந்த ரேடியோதான். தினம் சாயங்காலம் இருவரும் அதன்முன் உட்காருவார்கள். ராகத்தை முதலில் சொல்பவர் ஜெயித்தவர். தோற்றவர் காபி போட வேண்டும்.

“புது பேட்டரிக் கட்டை போட்டும் பாத்துட்டேன். மார்கழி வந்துடுச்சி. பாட்டைக் கேக்காம யாரை நம்பிப் போறது? இந்த வருஷம் வேணாம்னு மச்சானுக்குச் சொல்லிடலாம்னு இருக்கேன்.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. பின்னாலிருந்து தேநீர் கொண்டுவந்த பாவாடை, சர்க்கரை போதுமா என்று இரண்டு தடவை கேட்டான். ராயப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலை போனாலும் ஓவர்சியர் தோரணை போகவில்லை என்று பாவாடை மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டான்.

ரேடியோ பழுது பார்க்கும் சின்னக்கண்ணுவின் கடைக்கு முதலில் போனார்கள். தன் கடைப் பேட்டரியைப் போட்டு அவன் குமிழைத் திருகினான். பஸ் ஹாரன்களை அடக்கிக்கொண்டு பாட்டு கிளம்பியது. பெட்டியில் கோளாறே இல்லை என்று அவன் சாதித்தான். கோளாறை இவனே செய்து இவனே சரிசெய்கிறான் என்று பாவாடை வழியெல்லாம் வாதாடினான். ராஜாங்கம் தூரத்தில் மேகம் மூடிக் கிடந்த மலையையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

ராயப்பன் வீட்டில் இசபெல்லா காபி கொடுத்தாள். கணவரிடம் எதையோ கேட்க வந்தவள், நேர் எதிரே வந்து நின்று, அவர் நிமிர்ந்த பிறகே பேசினாள். இந்த வயதிலும் இவ்வளவு மரியாதையா என்று பாவாடை வியந்தான். ராயப்பனுக்கோ குறைகளுக்குப் பஞ்சமில்லை. குக்கர் விசில் அடிப்பதில்லை, அதனால் சோறு குழைகிறது. பால்காரன் மணி அடிப்பதில்லை, வாசலில் நின்றுவிட்டுப் போய்விடுகிறான்.

“இதுங்கதான் இப்படின்னா, இவ போட்ட திட்டத்தைப் பாருங்க,” என்று சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைப் பக்கத்தைக் காட்டினார்.

சென்னைச் சபாக்களின் நிகழ்ச்சிகள் அதில் இருந்தன. இசபெல்லா சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தவை எல்லாமே மத்தியானக் கச்சேரிகள். யாரும் பேர் கேட்டறியாத சின்னப் பிள்ளைகள் பாடுபவை. கோயில் மண்டபத்தில் சாயங்காலம் பெரிய வித்வான்கள் இலவசமாகப் பாடுவதை அவள் தொடவே இல்லை. இத்தனை வருஷம் வாசற்படியில் நின்றாவது அவர்களைக் கேட்டவள் அவள்.

ஏன் என்று ராஜாங்கம் கேட்டார்.

“கூட்டம் இருக்காதுங்கண்ணே,” என்றாள் அவள், தரையைப் பார்த்து.

ராஜாங்கம் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். மதில்மேல் இரண்டு பேட்டரிக் கட்டைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். மறுநாள் சின்னக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

அன்று வீடு திரும்பிய பிறகும் அவர் பேசவில்லை. பாவாடை பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, குற்றவாளி யார் என்று கேட்டான்.

“குத்தம் இல்ல, பாவாடை. சொல்றதா வேணாமான்னுதான் ரோசனை,” என்றார் ராஜாங்கம்.

மறுநாள் காலை ராயப்பன் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். பாவாடையால் அடக்க முடியவில்லை. சின்னக்கண்ணுவைப் பார்த்து, உள்ளே எதைக் கழற்றினாய் என்று கேட்டேவிட்டான்.

“உன் கடை நாவல்ல கடைசிப் பக்கம் கிழிஞ்சிருந்தா, அதுக்கும் நான்தான்னு சொல்லுவே போல,” என்றான் சின்னக்கண்ணு.

ராஜாங்கம் கையமர்த்தினார். ராயப்பனுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் பேசினார்.

“வெயில்ல வெக்கறது தீந்துபோன கட்டையைத்தான். இன்னும் கொஞ்சம் உசுரு வரும்னு. உங்க மதில்மேல காஞ்சது புதுக் கட்டை. மேல் தாளு பளபளன்னு இருந்துச்சி. பழசு ரேடியோ உள்ளாற இருக்குது. மாத்தி வெச்சது வெளியாளு இல்லீங்க.”

ராயப்பன் திகைத்து, அவள் ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டார்.

“அதுக்குப் பதிலு சுவத்துல இருக்குது. சாயங்காலக் கச்சேரியில முன் வரிசை பெரிய மனுசங்களுக்கு. ஓசியில போறவங்க கடைசியில நிக்கணும். மத்தியானத்துல மண்டபமே காலி. முதல் வரிசையிலேயே போய் உக்காந்துக்கலாம், யாரும் எழுப்ப மாட்டாங்க. கிட்ட உக்காரணும்னு நெனச்சிதான் தங்கச்சி திட்டம் போட்டிருக்குது. அது யாருக்காகன்னா...”

அதற்குள் ராயப்பனின் பின்னாலிருந்து இசபெல்லா வேண்டாம் என்று தலையசைத்தாள். ராஜாங்கம் நிறுத்திக்கொண்டார். பாவாடைக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. திரும்பாத தலை, அடிக்காத மணி, வராத விசில். மலைப்பாறைக்கு வைத்த வெடிகள். சர்க்கரைக்காக இந்த மனிதர்மேல் கோபப்பட்டதை நினைத்து அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ராயப்பன் மெல்லத் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“குக்கர் விசில் அடிக்குதா, இசபெல்லா?”

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

“ரேடியோ?”

“பாடிக்கினுதாங்க இருந்துச்சி. வயலின் போய்க்கினே இருக்குது, நீங்க இன்னும் ஆரம்பிக்கலையான்னு கேட்டீங்க. ரிப்பேருன்னு சொல்லிட்டேன். வேற இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

ராஜாங்கம் தாழ்ந்த குரலில், ஆனால் உதடுகள் தெரியும்படி சொன்னார்: “மூடியே வெச்சிருப்பேங்க. ஆனா ரேடியோ இல்லைன்னு நீங்க பயணத்தையே நிறுத்தப் பாத்தீங்க. எதைக் காப்பாத்தணும்னு தங்கச்சி பொய் சொல்லிச்சோ, அதே கையைவிட்டுப் போற மாதிரி ஆயிடுச்சி.”

ராயப்பன் எழுந்து சுவரருகே போனார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் அவர் முகம் யாருக்கும் தெரியவில்லை. சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு பத்திரிகைப் பக்கத்தைப் பக்குவமாகப் பிரித்தெடுத்து, தரையில் விரித்து உட்கார்ந்தார். இசபெல்லா அவருக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

“முதல் வரிசையில வலது ஓரமாப் பாத்துப் போயிடணும். வயலின்காரர் அந்தப் பக்கம்தான் உக்காருவாரு,” என்றார் ராயப்பன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்போ எனக்கு இடது காது மேடைப்பக்கம் வரும். அதுதான் இன்னும் கொஞ்சம் தேவலாம்.”

எது தேவலாம் என்று பார்த்து வைத்திருக்கிறார் மனிதர். எத்தனை நாளாகவோ. பாவாடை மாமாவைப் பார்த்தான். ராஜாங்கமும் இதை எதிர்பார்க்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

இசபெல்லா எழுந்து, கணவரைச் சுற்றிக்கொண்டு போய், அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தாள்.