எட்டு சார் போட்ட எட்டு

வெளிநாட்டு விமான நிலையத்தில் வாடகைக் கார்களை நிறுத்தி வைத்திருந்த கொட்டகைக்குள் நுழைந்ததும் எட்டு சார் செய்த முதல் காரியம், தனக்கு ஒதுக்கிய வெள்ளைக் காரின் டயரை ஓங்கி உதைத்ததுதான். டயர் ஒன்றும் சொல்லவில்லை. சாவி கொடுக்க வந்த பெண் மட்டும் அவரையும் அவருடைய ஷூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காரில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களைக் குறித்துக்கொள்ள ஒரு படிவத்தை அட்டையில் செருகிக் கொடுத்தாள். கூடவே ஒரு பென்சில்.

அட்டையும் பென்சிலும் கைக்கு வந்ததும் எட்டு சாருக்கு முதுகு நிமிர்ந்தது.

முப்பத்தோரு வருஷம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவர். லைசென்ஸ் கேட்டு வந்தவர்களை மைதானத்தில் எட்டு போடச் சொல்லி, எட்டுக்கு இடுப்பு சரியில்லை, தலை பெருத்துவிட்டது என்று திருப்பி அனுப்புவதில் பேர் வாங்கியவர். கடைசியில் அதுவே பேராகிவிட்டது. ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும், லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று எழுதும் புகாரில்கூடக் கையெழுத்துக்குக் கீழே பழைய பதவியைப் போடாமல் விடமாட்டார். ஆயிரக்கணக்கான பேரின் ஓட்டுதலைத் திருத்திய மனிதர் தான் எத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்கிற சீட்டில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போக வர ஆபீஸ் டிரைவர் இருந்தார்.

"டாக்ஸில வந்துடுங்கப்பா" என்று மகள் போனில் கெஞ்சியிருந்தாள். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்ப்பவர், நடுக்கடலில் இருந்தார். அவள் மட்டும் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்திருந்தாள். "மூணு மணிக்கு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள அம்மா முகத்தப் பாக்கணும். பயமா இருக்கு."

"எனக்கே டாக்ஸியா?" என்றார் எட்டு சார்.

கார் சாவி கைக்கு வந்தபோது மணி ஒன்று இருபது. ஆஸ்பத்திரிக்கு ஐம்பது நிமிஷ வழி.

நேராகப் போய்க் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். முப்பத்தோரு வருஷப் பழக்கம். ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம், ஆய்வாளர் இடப்பக்கம். இங்கே அவர் மடிக்கு நேராக ஒரு ஸ்டியரிங் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன இங்க இருக்கு?"

மனைவி மறுபக்கம் ஏறினாள். அவர் அட்டையை மடியில் வைத்து, பென்சிலால் டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினார். டக். ஒரு தட்டு என்றால் வண்டியை எடு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. அவரிடம் டெஸ்ட் கொடுத்தவர்கள் எல்லாரும் தூக்கத்தில்கூட மறக்காத சட்டம் அது.

"ம், எடு" என்றார் மனைவியிடம்.

"எதை எடுக்க? எனக்கு முன்னாடி சாமான் வைக்கற பெட்டிதான் இருக்கு."

கார் ஒருவழியாக வெளியே வந்தது. சிக்னல் என்று நினைத்து அவர் இழுத்த குச்சிக்கு வைப்பர் ஆடியது. வைப்பரை நிறுத்தப் போனால் கண்ணாடி மேல் சோப்புத் தண்ணீர் பீய்ச்சியது. வலப்பக்கம் போகவேண்டிய ஊரில் இடப்பக்கம் போய், எதிரே வந்த பஸ்ஸின் டிரைவரை ஓரங்கட்டச் சொல்லிக் கை காட்டினார். டிரைவர் ஹார்ன்கூட அடிக்காமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

"டிசிப்ளின் இல்லாத ஊரு" என்றார் எட்டு சார்.

வழி சொல்லும் பெட்டி அந்த ஊர்ப் பாஷையில் பேசியது. மாற்றத் தெரியவில்லை.

"பாவம், அந்தப் பொண்ணு கத்திக் கத்திச் சொல்லுது. யாராவது ஒருத்தர இறங்கிக் கேளுங்களேன்."

"நான் கேக்கறதா? என்கிட்டதான் கேப்பாங்க."

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியபோது பனிமூட்டம் வந்தது. நட்ட நடு மத்தியானம். பாலைக் கண்ணாடியில் ஊற்றியதுபோல் கெட்டியான பனி. முதலில் மரங்கள் போயின. அப்புறம் வழிப்பலகைகள் போயின. முன்னால் போன காரின் சிவப்பு விளக்கு கொஞ்ச தூரம் துணைக்கு வந்துவிட்டு அதுவும் போய்விட்டது. பெட்டிக்குள் இருந்த பெண் ஒரு வார்த்தையைப் பாதியில் விழுங்கி அடங்கினாள்.

காருக்குள் மெல்ல ஒரு வாசனை பரவியது. சூடான தார் வாசனை.

"என்னமோ கருகுதுங்க."

"ஹீட்டர். புது வண்டின்னா அப்படித்தான்."

அப்போதுதான் மணி அடிக்க ஆரம்பித்தது. டிங், டிங், டிங் என்று விடாமல். டேஷ்போர்டில் ஒரு சிவப்புப் படம். மனைவி குனிந்து பார்த்தாள்.

"சீட் பெல்ட் போடலன்னு சொல்லுது."

"போட்டுட்டுத்தானே இருக்கோம்?"

"நமக்கு இல்லீங்க. பின் சீட்டுக்கு."

அவர் கண்ணாடியில் பார்த்தார். பின் சீட்டில் யாரும் இல்லை. பெட்டிகள் டிக்கியில் இருந்தன. சீட்டின் நடுவில் மட்டும், யாரோ உட்கார்ந்தால் அழுந்துவதுபோல, ஒரு சின்னப் பள்ளம்.

டிங், டிங், டிங்.

க்ளிக்.

மணி நின்றது.

"தானா சரியாயிடுச்சு" என்றாள் மனைவி.

தார் வாசனைக்கு அடியிலிருந்து, காதுக்கு ஒரு சாண் பின்னால், பணிவான ஒரு குரல் எட்டு சாருக்கு மட்டும் கேட்டிருந்தது.

"பெல்ட் போட்டுட்டேன் சார்."

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். ஏழு தடவை டெஸ்டுக்கு வந்தவன். வெளிநாட்டில் டிரைவர் வேலை தயாராக இருக்கிறது, லைசென்ஸ் மட்டும் வேண்டும் என்று நின்றவன். ஒரு தடவை செருப்பில் மண் இருக்கிறது என்று ஃபெயில். ஒரு தடவை 'சார்' என்று சத்தமாகச் சொல்லவில்லை என்று ஃபெயில். ஏழாவது தடவை அவன் போட்ட எட்டில் குறை கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதனால் சீட் பெல்ட் போடவில்லை என்று எழுதினார்.

"இந்த ஜீப்ல பெல்ட்டே இல்லயே சார்" என்றான் அவன்.

"இல்லாதத ஏன் போடலன்னு கேக்கறேனா? போடலன்னுதான் எழுதறேன்."

ஆபீஸே சிரித்தது. சிரிக்காமல் இருக்க யாருக்கும் தைரியம் இல்லை.

அவன் டிரைவராகப் போகமுடியாமல், தார் ரோடு போடும் வேலைக்கு வெளிநாடு போனான். ஒரு வருஷம் கழித்து அவன் அண்ணன் ஏதோ சான்றிதழுக்காக ஆபீஸுக்கு வந்து சொன்னான்: "ரவுண்டானாவுல ரோடு போட்டுட்டு இருந்தப்ப வண்டி அடிச்சிடுச்சு சார். அங்கயே போயிட்டான்." எட்டு சார் காபியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ரோட்ல நிக்கவே தெரியல. இவனுக்கு லைசென்ஸ் வேற குடுத்திருந்தா?"

ஆபீஸ் அதற்கும் சிரித்தது.

எந்த நாடு என்று அவர் அன்று கேட்கவில்லை.

பனிக்குள் ஒரு ரவுண்டானா வந்தது. அதில் நுழைந்து, சுற்றி, கண்ணில் பட்ட முதல் வழியில் வெளியேறினார். அது இன்னொரு ரவுண்டானாவில் கொண்டுபோய் விட்டது. அதைச் சுற்றி வெளியேறினால் மறுபடி முதல் ரவுண்டானா. நடுவில் மஞ்சள் பூச்செடி வைத்த அதே வட்டம். எதிர்ப்பக்கம் ஓரத்தில் சாய்த்து வைத்த அதே தார் வாளி.

மூன்றாவது தடவை சுற்றும்போது மனைவிதான் சொன்னாள்.

"என்னங்க, நாம எட்டு போட்டுட்டு இருக்கோம்."

பின்னாலிருந்து பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் வந்தது. சர்ர்க்.

அவர் மடியைத் தடவினார். அட்டை அங்கே இல்லை. பென்சிலும் இல்லை.

"அட்டைய எடுத்தியா நீ?"

"நான் ஏன் எடுக்கறேன்? ரெண்டு மணி தாண்டிடுச்சுங்க. அங்க அவ வாசலையே பாத்துட்டு இருப்பா. எங்கயாவது நிறுத்திக் கேளுங்க, காலைப் பிடிக்கறேன்."

நாலாவது எட்டு. ஐந்தாவது எட்டு. எந்த வழியில் வெளியேறினாலும் இன்னொரு வட்டம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சர்ர்க். அவர் சட்டைக் காலர் நனைந்து கழுத்தில் ஒட்டியது.

"எட்டுக்கு இடுப்பு சரியில்ல சார்."

"யாருடா நீ?" என்று கத்தினார்.

"யாரைக் கேக்கறீங்க?" என்றாள் மனைவி. அவள் குரலில் இப்போதுதான் பயம் ஏறியது.

ஏழாவது எட்டின் நடுவில், அவர் சீட்டின் முதுகில், தோள்பட்டைக்கு நேராக:

டக். டக்.

அவர் கால் அவரைக் கேட்காமலே பிரேக்கில் இறங்கியது. ரவுண்டானாவின் நட்ட நடுப் பாதையில் கார் முக்கி நின்றது.

பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு லாரியின் விளக்குகள் வந்தன. ஹார்ன் அலறியது. ஒரு கை அகலம் விட்டு லாரி கடந்தபோது கார் தொட்டில்போல ஆடியது.



"இறங்குங்க" என்றாள் மனைவி.

"என்ன?"

"இறங்கி இந்தப் பக்கம் வாங்க. நான் எடுக்கறேன்."

"உனக்கு லைசென்ஸே கிடையாது!"

அவள் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் போட்டாள். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதி. அவள் போட்டோ. அவள் கையெழுத்து.

"என்னைய ரெண்டு தடவை ஃபெயில் பண்ணீங்களே, பொண்டாட்டிக்குச் சலுகை காட்டினதா பேர் வரக்கூடாதுன்னு. அதுக்கு அடுத்த மாசமே பக்கத்து மாவட்டத்துல போய் வாங்கிட்டேன். பதினாலு வருஷமாச்சு. உங்ககிட்ட சொன்னா தாங்கமாட்டீங்கன்னு சொல்லல."

அவர் வலப்பக்க சீட்டுக்கு மாறினார். பிடித்துக்கொள்ள ஸ்டியரிங்கும் இல்லை, அட்டையும் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முட்டியில் வைத்துக்கொண்டார், டெஸ்டுக்கு வந்தவன்போல. அவள் சிக்னல் போட்டாள், சிக்னலே எரிந்தது. நிதானமாக அரை வட்டம் சுற்றி, அவர் ஏழு தடவை தாண்டிப்போன ஒரு வழியில் வெளியேறினாள். நூறு அடி தள்ளிப் பனி விலகி வெயில் அடித்தது. பெட்டிக்குள் இருந்த பெண் விட்ட வார்த்தையைப் பிடித்துப் பேச ஆரம்பித்தாள்.

"அம்மா பாஸ் சார்" என்றது பின் சீட்.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு மனைவி ஆஸ்பத்திரிப் படிகளில் செருப்பு நழுவ ஓடினாள். ஸ்ட்ரெச்சர் ஏற்கெனவே நகர ஆரம்பித்திருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் கூடவே நடந்தாள். நாலு மணிக்குப் பேத்தி பிறந்தாள்.

"இனிமே நான் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்" என்றார் எட்டு சார், குழந்தையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து.

"இன்னிக்கு மட்டும் தொடுங்க. ஆறு மணிக்குள்ள கார ஒப்படைக்கணும். வாங்கினது உங்க பேர்ல, நீங்களே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு எழுதியிருக்கு. நான் இவள விட்டுட்டு வரமுடியாது."

"நீயும் கூட..."

"முப்பத்தோரு வருஷம் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தீங்க. ஒரு மணி நேரம் ஓட்டமாட்டீங்களா? போயிட்டு வாங்க."

நர்ஸ் அவளை உள்ளே கூப்பிட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

கார் நிறுத்துமிடத்தில் வெயில் இன்னும் இருந்தது. பின் சீட்டில் அட்டை கிடந்தது, படிவம் கீழ்முகமாக. கதவைப் பாதி திறந்து, ஒரு விரலால் இழுத்து எடுத்தார். கீறல்களைக் குறிக்கவேண்டிய கட்டங்களில் அவருடைய கையெழுத்துப் பாணியிலேயே, அழுத்தமாகப் பென்சிலால் எழுதியிருந்தது.

சிக்னல்: தவறு.
எட்டு: தலை பெருத்துவிட்டது.
முடிவு: ஃபெயில்.

கீழே, மறுபடி எப்போது வரவேண்டும் என்று அவர் வழக்கமாக எழுதும் இடத்தில்:

'இன்றே. திரும்பும் வழியில்.'

அவர் சுற்றிலும் பார்த்தார். தூரத்தில் ஒருவர் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் உதவி கேட்கலாம். எந்தப் பாஷையில், என்னவென்று கேட்பது? ஒரு நிமிஷம் நின்றார். நெடுஞ்சாலைப் பக்கம் வெள்ளையாக ஏதோ திரண்டு கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்து மாட்டினார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

டிங், டிங், டிங்.

தார் வாசனை.

க்ளிக்.

சாவியைத் திருகக் கை வரவில்லை. கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கவும் தைரியம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே, சத்தமாகச் சொன்னார்.

"சார்."

பின் சீட் கொஞ்ச நேரம் யோசித்தது.

டக்.

ஒரே ஒரு தட்டு.