நயினாரின் கையைப் பார்ப்பவள்

ஒற்றுக்கண் உள்ளே இருந்தவரை நயினாரின் வலது கை ஒருமுறைகூடத் துள்ளவில்லை. எடுத்ததும் துள்ளியது. அமலி அதைத் திரும்பச் செருகினாள், கை அமைதியானது. மறுபடி எடுத்தாள்; அவர் பிடித்திருந்த மைதா உருண்டை எதிர்ச்சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

"பாத்தியளா?" என்றார் நயினார். "நீங்க உள்ள எட்டிப் பாக்கும்போது மட்டும் நல்ல புள்ள மாரி இருக்கு. எங்க வீட்டுப் பூனையும் இப்படித்தான். ஆள் இருந்தா பால் சட்டிப் பக்கமே போவாது."

நயினார் பாளையங்கோட்டையில் பரோட்டா மாஸ்டர். விபத்தில் நரம்பறுந்த கைக்குத் தன்பின்னல் சில்லு வைத்திருந்தார்கள். நரம்பறுந்தவர்கள் எல்லோருக்கும் இப்போது அதுதான். மூளையின் கட்டளையை விரல்களுக்குக் கொண்டுபோகும் அந்தச் சில்லு, ஆள் தூங்கும்போது தன் உள்ளிணைப்புகளைத் தானே அவிழ்த்து, அன்றைய வேலைக்கு ஏற்ப மறுபடி பின்னிக்கொள்ளும். பயன்படாத பாதைகளை நறுக்கிவிடும். அதனால்தான் தையல்காரரின் கை ஊசி கோக்கவும் மாஸ்டரின் கை மாவு வீசவும் பழகிவிடுகின்றன. நறுக்குவதை நிறுத்தினால் கை மரக்கட்டையாகிவிடும்.

ஒற்றுக்கண் என்பது கைமருத்துவமனையில் சில்லுப் பழுது பார்க்கும் அமலி அந்தப் பின்னலுக்குள் செருகும் சிறு மின்சுற்று. சில்லுக்குள் ஓடும் சமிக்ஞைகளைப் பார்த்துத் திரைக்கு அனுப்பும். பார்க்கும்போது பிழை வராததால், தான்தான் தவறான இடத்தில் செருகிவிட்டோமோ என்று அமலி முதலில் சந்தேகப்பட்டாள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று தொடக்கத்திலிருந்து செய்து பார்த்தாள். கடைசியில் புரிந்தது. 'பிடி' என்ற சமிக்ஞையும் 'விடு' என்ற சமிக்ஞையும் சில்லுக்குள் தோளோடு தோள் ஓடிவந்தன. எப்போதாவது 'விடு' முந்திக்கொண்டால் கை துள்ளியது. ஒற்றுக்கண்ணின் சுமை 'விடு'வை மயிரிழை தாமதப்படுத்தியது. பார்ப்பதே மருந்தாகியிருந்தது.

"அப்ப அந்தக் கண்ணு உள்ளயே கிடக்கட்டும், தாயி. வெள்ளிக்கிழமைக்குள்ள கல்லு முன்னால நிக்கலேன்னா மொதலாளி மாவு வீசுத மெஷின வாங்கிருவாரு. பொறவு என்னய எவன் கூப்புடுவான்?"

"வைக்கக் கூடாது அண்ணாச்சி. சிகிச்சை முடிஞ்சவங்க கைய நாங்க பாத்துக்கிட்டே இருந்தா சட்டப்படி குத்தம்."

அதனால் அமலி ஒற்றுக்கண்ணை உள்ளே விட்டு, அது வெளியே செய்தி அனுப்பும் வழியை மட்டும் அறுத்தாள். மறுநாள் காலையில் கை துள்ளியது. ஒற்றுக்கண் அங்கே இல்லை. எங்கும் போய்ச் சேராத செய்தியைச் சுமக்கும் பாதை எதற்கு என்று சில்லு அதை நறுக்கியிருந்தது. அவள் தனியாகச் சேர்த்துப் பார்த்த தாமதச் சுற்றுக்கும் அதே கதிதான்.

செய்தி எங்காவது போக வேண்டும். பதில் வர வேண்டும். அமலி ஒற்றுக்கண்ணை மறுபடி செருகி, நயினாரின் இடுப்பில் ஒரு சிறு வில்லையை மாட்டினாள். ஒற்றுக்கண் செய்தி அனுப்பும்போதெல்லாம் அது 'பார்த்தேன்' என்று பதில் தரும். கை அடங்கியது. வெள்ளிக்கிழமை நயினார் கல்லின் முன் நின்றார்.

சில வாரங்களில் சில்லு கற்றுக்கொண்டது. எப்போது கேட்டாலும் ஒரே பதில், ஒரே இடைவெளியில். முன்பே தெரிந்த பதிலைக் கேட்பானேன்? நறுக்கியது. மறுநாள் மாலை கடையில் கொதிக்கும் எண்ணெய்க் கரண்டியோடு கை துள்ளியது. நயினாரின் இடது கை முழங்கைவரை வெந்துபோனது.

அமலி அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி பேச்சித்தாய் கதவை மறித்து நின்றாள்.

"சரியாயிட்டுன்னு சொன்னது நீதான?"

"நாந்தான் அக்கா. அப்படி நெனச்சுட்டேன்." அமலி பையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து நீட்டினாள். "பதில் மனுசங்ககிட்டருந்து வரணும். வீட்டு ஆளுக பாத்தா சட்டத்துல தடையில்ல. ஒற்றுக்கண்ண மறுபடி வைக்கிறேன்; அது சேதி அனுப்பும்போது இந்த மோதிரம் அதிரும், அமுக்குனா போதும்."

"இவரு கையப் பாக்கதுதான் கல்யாணத்துலருந்து என் வேல. சீட்டுக்கட்டு புடிக்காரான்னு பாக்காத நாளுண்டா?"

உள்ளேயிருந்து நயினார் கத்தினார்: "ஏட்டி, மோதிரம் எனக்குல்லா அவ போடணும்! உனக்கெதுக்கு?"

பேச்சித்தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு மோதிரத்தை வாங்கினாள்.

அது பலித்தது. பேச்சித்தாய் தோசை வார்த்துக்கொண்டிருந்தால் தாமதமாக அமுக்கினாள். நாடகம் பார்த்தால் மறந்தாள். கோபமாக இருந்தால் இரண்டு முறை அழுத்தினாள். அவள் அடுத்து என்ன செய்வாள் என்று சில்லுக்குப் பிடிபடவில்லை. ஒற்றுக்கண் பிழைத்துக்கிடந்தது. இதே பிழை இருந்த மற்றவர்களுக்கும் மருத்துவமனை ஆளுக்கொரு மோதிரம் கொடுத்தது. கணவனை மனைவியும் தாயை மகனும் பார்த்துக்கொண்டார்கள்.

பல மாதங்கள் கழித்து, வழக்கமான பரிசோதனைக்கு வந்த நயினாரின் சில்லில் பதிந்திருந்த பதில்களின் நேர வரைபடத்தை அமலி திரையில் விரித்தாள். பல்லும் பள்ளமுமாக இருந்த கோடு கடைசி வாரத்தில் நூல் பிடித்தாற்போல் நேராகியிருந்தது. மாலையில் கடைக்கு ஓடினாள்.

கல்லுக்கு எட்டும் தூரத்தில் முக்காலி போட்டுப் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். பார்வை நயினாரின் கையில், கட்டைவிரல் மோதிரத்தில்.

"அமுக்காம விட்டா கை வெந்துரும்னு போன வாரம் ஆஸ்பத்திரில இதே மோதிரம் போட்டிருந்த ஒருத்தி சொன்னா," என்றாள் திரும்பாமல். "இப்ப ஒண்ணையும் விடுததில்ல. சமையலக்கூட தங்கச்சி பாத்துக்கிடுதா."

"அக்கா, விடுங்க. அப்பப்ப அமுக்காம இருங்க. இவ்வளவு ஒழுங்கா அமுக்குனா மெஷின் மாரியே ஆயிருது. சில்லு நறுக்கிரும்."

பேச்சித்தாய் அப்போதுதான் அவளைப் பார்த்தாள். "உன் பேச்சக் கேட்டுத்தான அந்தக் கை வெந்துச்சு?"

"அந்தப் புள்ள சொல்லுதத கேளு," என்றார் நயினார், மாவை வீசியபடி. "வேணும்னா சண்ட போடுவோம். உங்க அண்ணன் ஒரு சோம்பேறி."

"சோம்பேறிதான். நீங்க கல்லப் பாருங்க."

மோதிரம் அதிர்ந்தது. பேச்சித்தாய் அமுக்கினாள். எண்ணெய் பொரிந்தது. மறுபடி அதிர்ந்தது, அமுக்கினாள். அமலி தன்னையறியாமல் அந்த இடைவெளியை மனத்துக்குள் அளக்கத் தொடங்கினாள். அடுத்த அமுக்கல் எப்போது என்று ஊகித்தாள்.

ஊகித்த கணத்திலேயே அமுக்கல் விழுந்தது.