கறுத்த நார்

வரிசையின் கடைசியில் நின்ற விசிறிப்பனையில் தலைக்கு வைக்கும் எண்ணெய் மணத்தது. பனைக்கு ஏது எண்ணெய் மணம்? தாட்சாயினி தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி மோந்து பார்த்தாள்.

மாங்குளத்தில், ஏ ஒன்பது வீதியோரம், அவளும் கணவன் ஜெயந்தனும் அலங்காரப் பனைகள் வளர்த்து விற்கிறார்கள். எந்த இனத்துக்கு எவ்வளவு வெயில், எவ்வளவு ஈரம் என்று அவள் படித்துப் படித்துத்தான் தொழிலைப் பிடித்தாள். இந்த இனத்துக்கு அடிமரத்தில் மண்ணிற நார் சுற்றியிருக்கும். இதில் மட்டும் கறுப்பு. கூட நட்டவை இடுப்பளவில் நிற்க, இது கூரையைத் தொட்டுவிட்டது. விலைக்குக் கேட்டவர்களை ஜெயந்தன் திருப்பி அனுப்பினான். தண்ணீரும் அவனே ஊற்றுவான். இன்று அவன் பிந்திவிட்டதால்தான் அவள் வந்தாள்.

அவளுடைய தங்கை கஜேந்தினி கொழும்புக்கு வேலைக்குப் போன அதே கிழமையில் நட்ட மரம் அது. போனவளிடமிருந்து ஒரு கதையும் இல்லை. தானே பஸ் ஏற்றிவிட்டதாகவும், அவள் பாட்டுக்கு இருக்கட்டும், தேடத் தேவையில்லை என்றும் ஜெயந்தன் சொன்னான். தாட்சாயினி நம்பினாள். தேடவில்லை. போனை மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது பட்டு, வீதியில் லொறிச் சத்தம் அடங்கியபோது எண்ணெயோடு ஈரத்துணி மணமும் சேர்ந்து வந்தது. காற்றே இல்லாத நேரத்தில் ஓலைகள் ஒன்றையொன்று உரசி, யாரோ சிக்கெடுத்துத் தலை சீவுவதுபோலச் சரசரத்தன. அவள் நாரை விலக்கினாள்.

நார் இல்லை. மயிர். மூன்று புரியாகப் பின்னியது. நுனியில் சிவப்பு றிபன். கஜேந்தினியின் றிபன்.

பின்னால் ஜெயந்தன் நின்றான். கையில் மண்வெட்டி.

“நான் அவளுக்குச் செய்ததை உன்னட்டச் சொல்லப்போறன் எண்டு நிண்டவள்,” என்றான். “மண்ணுக்குள்ள தாட்டாப் பிறகு ஒவ்வொரு நாளும் தண்ணி கேட்டவள். ஊத்தினனான்.”

படுபாவி. இவனோடா இத்தனை நாள் ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டாள்? தங்கையைத் தோண்டியெடுத்துக்கொண்டு ஓடவேண்டும். இரண்டு கையாலும் பின்னலைப் பற்றினாள்.

சுடச்சுட இருந்தது.

அது அசைந்தது. மணிக்கட்டில் ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இறுகியது.

“விடடி. அக்காவடி.”

தேடி வராத அக்காவை அது விடவில்லை.

ஜெயந்தன் பக்கத்திலேயே குழி வெட்டத் தொடங்கினான். அவசரப்படவில்லை. இடைக்கிடை நிமிர்ந்து, அவள் உயரத்தை அளவு பார்த்தான். பின்னல் அவளை முழங்காலில் இருத்தி, முகத்தைக் குழியின் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தது.